கிடாரிலிருந்து சாப்மன் ஸ்டிக்குக்குப் போகிறவர்களுக்கு

கிளாசிக்கல் கிடார் தெரிந்தவருக்குச் சாப்மன் ஸ்டிக் என்ற தந்திக்கருவி சுலபமாக வந்துவிடும் என்று கிடார்க்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. பல வருடம் கிடார் வாசித்துவிட்டு இப்போது ஸ்டிக் பழகிக்கொண்டிருக்கும் ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நம்பிக்கையோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிடாரில் சேர்த்துவைத்த விரல் பழக்கத்தில் பெரும்பகுதி இங்கே உதவாது. சில பழக்கங்கள் குறுக்கே வேறு நிற்கும். உதவுவது காதுதான். இரண்டு குரல்களை, அதாவது சேர்ந்து ஓடும் இரண்டு தனி மெலடிகளை, ஒரே நேரத்தில் பின்தொடரப் பழகிய காது இருந்தால் இந்தக் கருவி அள்ளிக் கொடுக்கும்.

ஸ்டிக்கைப் பார்க்காதவர்களுக்காக: கிடாருக்கு இருப்பது போன்ற உடல் இதற்குக் கிடையாது. அகலமான நீண்ட கழுத்து மட்டும்தான். வழக்கமான மாடலில் 10 தந்திகள், ஐந்து பாஸுக்கு, ஐந்து மெலடிக்கு. இடுப்பு பெல்ட்டில் ஒரு கொக்கி, தோளில் ஒரு வார். கருவி நமக்கு முன்னால் கிட்டத்தட்ட நேராக நிற்கும். எந்தத் தந்தியையும் மீட்டுவது கிடையாது. இரண்டு கை விரல்களும் தந்தியை ஃபிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின்) மேல் தட்டி அப்படியே பிடித்திருக்கும். விரலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும்.

இப்படித் தட்டி வாசிப்பதை ராக் கிடார் சோலோவில் வரும் வித்தையாக மட்டும் பார்ப்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1950களிலேயே ஜிம்மி வெப்ஸ்டர் எலெக்ட்ரிக் கிடாரில் இரண்டு கையாலும் தட்டி வாசித்து, அதற்கு ஒரு பயிற்சி நூலும் எழுதினார். லாஸ் ஏஞ்சலிஸில் எம்மெட் சாப்மன் 1969இல் செய்தது பார்வைக்குச் சின்ன மாற்றம்: கிடாரின் கழுத்தை நிமிர்த்தி, வலது கையை எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்து, அதன் விரல்களையும் இடது கை விரல்களைப் போலவே ஃபிரெட்டுக்கு இணையாக வைத்தார். விளைவு பெரியது. வலது கையிலும் விரலுக்கு ஒரு ஃபிரெட் கிடைத்தது. ஸ்கேலோ, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டோ, இடது கை செய்வதையெல்லாம் வலது கையும் செய்ய முடிந்தது. அந்தக் கைமுறைக்காகவே ஒரு கருவியை வடிவமைத்து 1974இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பாஸ் கலைஞர் டோனி லெவின் அதைப் பாடகர் பீட்டர் கேப்ரியலோடும் கிங் கிரிம்சன் ராக் குழுவோடும் வாசித்துப் பல பேர் காதுக்குக் கொண்டுபோனார்.

என்னைக் கேட்டால் ஸ்டிக்குக்கு நெருங்கிய சொந்தம் கிடார் இல்லை, கிளாவிகார்ட். பழைய ஐரோப்பிய விசைக்கருவி அது. விசையை அழுத்தினால் ஒரு சின்னப் பித்தளைத் தகடு தந்தியைத் தட்டி, அதைத் தொட்டபடியே நிற்கும். சுரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பதும் அதே தகடுதான். தந்தியின் ஒரு பக்கத்தில் துணி நெய்து வைத்திருப்பார்கள். விசையை விட்டதும் அந்தத் துணி தந்தியை அடக்கிவிடும். ஸ்டிக்கிலும் கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட் அருகே இதே வேலைக்கு ஒரு டேம்பர் இருக்கிறது. தகடு செய்ததை இங்கே விரல் நுனி செய்கிறது, அவ்வளவுதான். கிளாவிகார்டின் சத்தம் பக்கத்து அறைக்கே கேட்காது. ஸ்டிக்குக்கு பிக்அப்பும் ஆம்ப்ளிஃபயரும் இருப்பதால் அந்தக் குறை இல்லை. விசைக்கருவி வாசிப்பவரின் தரத்தைச் சரியாக எடைபோட கிளாவிகார்ட்தான் ஏற்றது என்று ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் 1753இல் எழுதினார். விரலுக்கும் தந்திக்கும் நடுவே ஒளிந்துகொள்ள இடமில்லாத எந்தக் கருவிக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சரி, கிடார்க்காரருக்கு இதில் கஷ்டம் எங்கே? முதலில் வலது கை. கிளாசிக்கல் கிடாரில் நம் ஆயுளில் பாதி போவது அந்தக் கைக்குத்தான். மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாயும் அப்போயாண்டோ, சாயாமல் விலகும் திராண்டோ, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் கூர்மையான தொனி, துளைக்கு மேலே இதமான தொனி. ஸ்டிக்கில் இதெல்லாம் மொத்தமாகப் போய்விடுகிறது. தொனியின் வண்ணங்கள் குறைவு என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் உரக்கவும் மெதுவாகவும் வாசிக்க முடியாது என்பது தவறு. கிடாரில் தந்தியை எவ்வளவு தள்ளி விடுகிறோமோ அவ்வளவு சத்தம். ஸ்டிக்கில் விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு சத்தம். பலம் தேவையே இல்லை. தந்தி ஃபிரெட்டுக்கு மிக அருகில் இருப்பதால், கிடாரில் லிகாடோவுக்காக (மீட்டாமல் இடது கையாலேயே சுரங்களைத் தொடுப்பதற்காக) வளர்த்த இடது கை வலிமை இங்கே சுரத்தை அடித்து நசுக்குகிறது. அந்த வலிமையை இறக்கிவைக்கத்தான் நாள் பிடிக்கிறது.

அப்புறம் விரல்களின் பங்கு மாறுகிறது. கிடாரில் பாஸ் முழுவதையும் சுமக்கும் வலது கட்டைவிரலுக்கு இங்கே வேலை இல்லை. கிடாரில் சும்மா இருந்த வலது சுண்டுவிரல் முழுநேர வேலைக்கு வந்துவிடுகிறது.

நகம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், என்னை அதிகம் யோசிக்கவைத்த விஷயம் இதுதான். கிடார்க்காரர் வலது கை நகத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பாதுகாப்பவர். அந்த நகத்தோடு ஸ்டிக்கில் தட்டினால் சதைக்கு முன்னால் நகம் தந்தியில் மோதும், விரல் வழுக்கும், 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வெட்டினால் கிடாரின் தொனி மாறிவிடும். நான் வெட்டிவிட்டேன். நகம் இல்லாமல் கிடார் வாசிப்பது பாவம் ஒன்றுமில்லை. பழைய கிடார் மேதை ஃபெர்னாண்டோ சோர் சதையால் வாசித்தவர், அவருடைய நண்பர் அகுவாடோ நகத்தால் வாசித்தவர். இரண்டு பேரும் சேர்ந்தே வாசித்தார்கள். பின்னால் வந்த ஸ்பானியக் கிடார் மேதை தாரேகா கடைசிக் காலத்தில் நகத்தை விட்டுவிட்டார். சதையில் வரும் தொனி சற்று மங்கல், ஆனால் உருண்டையானது. எனக்கு அது போதும். கச்சேரி மேடைக்காக வாசிப்பவர்கள் வேறு முடிவெடுக்கலாம், அதில் நியாயம் உண்டு.

சுருதி அமைப்பு முதலில் மிரட்டும். மெலடித் தந்திகள் ச-ம இடைவெளியில் போகின்றன. கிடாரில் நடுவே ஒரு இடத்தில் அந்த இடைவெளி உடைகிறதே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. பாஸ் தந்திகள் ச-ப இடைவெளியில். தடித்த பாஸ் தந்தி கழுத்தின் நடுவில் இருக்கிறது, வெளிப்பக்கம் போகப் போகச் சுரம் ஏறுகிறது. கிடார் மூளைக்கு இது தலைகீழ். ஆனால் ச-ப அமைப்பின் அழகு கையில் பட்டால் புரியும். தடித்த தந்தியில் ச, அதே ஃபிரெட்டில் அடுத்த தந்தியில் ப, அதற்கடுத்ததில் இரண்டு ஃபிரெட் தள்ளி மேல் ஸ்தாயி க. விரல்களைப் பெரிதாக விரிக்காமலே அகலமாக மூச்சுவிடும் மேஜர் கார்டு வந்துவிடுகிறது. அந்த மூன்றாவது விரலை மட்டும் ஒரு ஃபிரெட் குறைத்தால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகி, கார்டு மைனராகிவிடும். இடது கை ஒன்றே இதைப் பார்த்துக்கொள்ள, வலது கை சுதந்திரமாக மெலடிக்குப் போகிறது.

ஆகவே கிடார் உருப்படிகளை அப்படியே ஸ்டிக்குக்கு மாற்றி வாசிக்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அவை மீட்டிய விரல் விலகிய பிறகும் சுரம் ஒலித்துத் தானாகத் தேய்வதையும், திறந்த தந்தி ஒலித்துக்கொண்டே இருப்பதையும் நம்பி எழுதப்பட்டவை. இங்கே இரண்டும் இல்லை. பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்களை எடுங்கள், மொத்தம் 15 இருக்கின்றன. விசைக்கருவி மாணவர்களுக்கென்றே எழுதியவை. கீழ்க்குரலை இடது கையில் தனியாக, மனப்பாடமாகும்வரை மெதுவாக வாசியுங்கள். அதன்பிறகு மேல்குரல். இரண்டையும் சேர்க்கும்போது விரலை வைக்கும் நேரத்தைவிட எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். மேல்குரல் பதினாறாம் சுரங்களில் (ஒரு எண்ணிக்கைக்கு நான்கு சுரமாக) ஓடும்போது, கீழே நீட்டிப் பிடித்திருக்கும் சுரத்தை எழுதியிருக்கும் அளவுக்குப் பிடித்து, சரியான இடத்தில் விட வேண்டும். ஒரு கையின் ஓட்டம் இன்னொரு கையின் விரலை முன்கூட்டியே தூக்கிவிடப் பார்க்கும். பயிற்சி முழுக்க அந்த ஒரு இடத்தில்தான்.

இதற்காகக் கிடாரை விட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஸ்டிக் பழகிய பிறகு என் கிடாரில் மாறிய ஒன்றைச் சொல்கிறேன். சோரின் எளிய பயிற்சிகளில்கூட பாஸ் ஆறாவது தந்தியிலிருந்து ஐந்தாவதுக்கு மாறும்போது, பழைய சுரம் அடியில் ஒலித்துக்கொண்டே இருந்து ஹார்மனியைக் கலங்கடிக்கும். கட்டைவிரலைத் திருப்பி அந்தத் தந்தியைத் தொட்டு அடக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். இப்போது அந்த மீதிச் சத்தம் எனக்குக் கேட்கிறது, கட்டைவிரலும் தானாகப் போய் அடக்கிவிடுகிறது.