அந்தக் கண்ணாடிக் கட்டடம் பற்றி, கடைசியாக ஒருமுறை

நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பழைய நூலகம், அதை ஒட்டிப் புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடம். "மீன் தொட்டி" என்றார்கள். "தாத்தாவுக்குக் கூலிங் கிளாஸ்" என்றார் ஒருவர். அதற்கு மட்டும் நானும் சிரித்தேன். மற்றதற்கெல்லாம் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. பழையது பழையதாக இருக்கட்டும், புதியது புதியது என்று தெரியட்டும். இதில் என்ன துரோகம் இருக்கிறது என்று இப்போதும் புரியவில்லை.

"அதே பாணியில் கட்டியிருக்கலாமே?" கட்டலாம். நானே கட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய மாளிகைக்குப் பின்னால் புதிதாக ஒரு பகுதி சேர்த்தோம். கான்கிரீட் தூணைச் சுற்றி அச்சில் வார்த்த பூவேலையை ஒட்டி, பழுப்புச் சாயம் பூசி, அங்கங்கே உளியால் கொத்தி வயதையும் ஏற்றிவிட்டோம். பல வருடம் கழித்து அங்கே போனால், வழிகாட்டி ஒருவர் அந்தத் தூணைத் தட்டித் தட்டி, அந்தக் காலத்துக் கைவேலையின் அருமையை விளக்கிக்கொண்டிருக்கிறார். தட்டும்போதே உள்ளே காலியாக இருக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு பெரியவர் பூவேலையை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். அந்த அச்சை வரைந்தவன் நான். பின்வரிசையில் நின்றுவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன். 'அதே பாணி' என்றால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

இது என் சொந்தச் சரக்கும் இல்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964 வெனிஸ் சாசனத்திலேயே இருக்கிறது: தவிர்க்க முடியாமல் புதிதாகச் செய்யும் வேலை நம் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும், இழந்த பாகத்துக்கு மாற்றாக வைப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும். "இசைய வேண்டும் என்றும் இருக்கிறதே" என்று ஓடி வருவீர்கள். இருக்கிறது. கண்ணாடி இசையாது என்று எங்கே இருக்கிறது?

பாரிஸில் பழைய லூவர் அரண்மனை முற்றத்தில் எழுப்பிய கண்ணாடிப் பிரமிடையும் திட்டிய திட்டுக்குக் கணக்கில்லை. 1989-இல் திறந்தார்கள். இன்று அதன் முன்னால் நின்று படம் எடுக்காமல் யார் திரும்புகிறார்கள்? பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றம் கூடும் பழைய ரைக்ஸ்டாக் கட்டடத்தின் தலையில் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வைத்த கண்ணாடிக் குவிமாடமும் அப்படித்தான். அதே சீரமைப்பில், 1945-இல் சோவியத் வீரர்கள் சுவரில் கிறுக்கியதைக்கூட அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். பழையதை மதிப்பது என்றால் எனக்கு அதுதான்.

டொரண்டோ அருங்காட்சியகப் படத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள், ஏற்கெனவே ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். அங்கே பழைய கட்டடத்தோடு கட்டடக் கலைஞர் லிபெஸ்கிண்ட் 2007-இல் ஒட்டவைத்த, 'படிகம்' என்று அழைக்கும் அந்தக் கண்ணாடி-உலோகப் பகுதி எனக்கும் பிடிக்காது. சமையல்காரர் ஒருவர் உப்பை அள்ளிக் கொட்டினார் என்பதற்காக உப்பையே தடை செய்வீர்களா? கண்ணாடிக்குள் வெயில் ஏறும் என்பது நியாயமான கேள்வி. அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது அந்த மனநிலையில் இல்லை.

நூலகத்துக்கு நேரில் போயிருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். புதிய கட்டடம் பழைய சுவரைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. பழைய கட்டடம் இறங்க வேண்டிய அளவுக்கு என்றைக்கோ மண்ணில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் பழைய சுவர்தான் விரிசல் விடும். நாளைக்கே வேண்டாம் என்றாலும் புதியதைக் கழற்றிவிடலாம், பழைய சுவரில் ஒரு கீறல் இருக்காது. மீன் தொட்டி என்று எழுதிய யாராவது அந்த இடைவெளியில் கை விட்டுப் பார்த்தீர்களா?

சரி, விடுங்கள். இருபது வருடமாகத் தெரிந்த ஒரு நண்பர் அங்கே வந்து "எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்டிருக்கிறார், சிரிப்பு பொம்மையோடு. கிண்டலாம். அந்த வேலைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அதே நூலகத்தின் கூரை ஒழுகியபோது, அலமாரிக்கு அடியில் வாளி வைத்திருந்ததைப் படம் எடுத்துப் போட்டேன். ஊறி உப்பிய புத்தகங்கள், சுவரில் உப்புப் பூத்து உதிர்ந்த காரை, எல்லாம் அதில் இருந்தது. பாரம்பரியம் பற்றி அன்றைக்கு ஒரு கமெண்ட் வரவில்லை. மொத்தம் ஒன்பது லைக். இன்று காலை திரும்பப் போய்ப் பார்த்தேன். அந்த ஒன்பதில் நண்பர் பெயர் இல்லை.