பாட்டியிடம் ஒப்படைத்த பிறகு

குழந்தைகள் நலப் பணியில் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, எங்கள் கோப்புகளில் அடிக்கடி வரும் ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் இப்போது கூச்சமாக இருக்கிறது. “குழந்தை அதன் பாட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது, கோப்பு முடிக்கப்படுகிறது” என்பதே அந்த வரி. அதை என் கையாலேயே பல முறை எழுதியிருக்கிறேன். எழுதிய அன்றெல்லாம் ஒரு நல்ல காரியம் முடிந்தது என்ற நிறைவோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பாட்டிக்கு அன்றுதான் காரியம் தொடங்குகிறது என்பது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

பெற்றோரை இழந்த, அல்லது பெற்றோரால் வளர்க்க இயலாத ஒரு குழந்தையை விடுதிக்கு அனுப்பாமல் உறவினரிடம் விடுவது சரியான முடிவுதான். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று தன் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் உள்ள குழந்தைகள் இல்லங்களைப் பற்றி விரிவான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அந்த வழக்கின் தலைப்பே ‘தமிழ்நாட்டின் அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல்’ என்பதாகும். ஊர் பெயரோடு வந்த அந்த அவமானத்துக்குப் பிறகு, இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் வேகம் இங்கே கூடியது. வேகம் கூடியதில் தவறில்லை. ஆனால் இல்லத்துக்கு ஒரு சமையற்காரர், ஒரு கண்காணிப்பாளர், ஆண்டுக்கு ஒரு நிதி ஒதுக்கீடு என்று கணக்குப் போடும் நாம், அதே குழந்தை சித்தி வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ போனவுடன், இனிமேல் எல்லாம் இரத்த பாசம் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கழுவிவிடுகிறோம். ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்று சொல்லி வைத்த ஊரில், பாசத்துக்குச் செலவே இல்லை என்று அரசும் அதிகாரிகளும் நம்புவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நான் கையாண்ட ஒரு நேர்வைச் சொன்னால் விளங்கும். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாய் தன் கணவனால் கொல்லப்பட்டாள். கணவன் சிறைக்குப் போனான். பதின்மூன்று வயது மகளும் ஆறு வயது மகனும் இப்படிப்பட்ட பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று முடிவெடுக்கும் எங்கள் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்தார்கள். தந்தைவழி உறவினர்கள் யாரும் வரவில்லை. தாயின் தாய் வந்தார். அறுபத்து நான்கு வயது, முதியோர் உதவித்தொகை, ஓட்டு வீடு, நூறு நாள் வேலை. “என் பிள்ளையோட பிள்ளைங்க, நான் பாக்காம யாரு பாப்பா?” என்றார். குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒரு சொல்கூட மறுத்துப் பேசவில்லை. வீட்டு நிலை ஆய்வு எழுதியவள் நான். கழிவறை உண்டா, மின் இணைப்பு உண்டா, பள்ளி எத்தனை கிலோமீட்டர், மாத வருமானம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கேட்டேன். பெற்ற மகளைப் பறிகொடுத்துப் பதினெட்டு நாள்கூட ஆகாத ஒரு பெண்மணியிடம் அவருடைய துக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. அதற்கான கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை என்பது உண்மை, ஆனால் அது ஒரு சாக்குதான்.

முதல் சிக்கல் பள்ளிக்கூடத்தில் வந்தது. பேத்தியை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்க வேண்டும்; தந்தை உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்து இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். பிறகு பேரனுக்கு ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் அதைக் கட்டாயம் செய்தாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியும்; அதற்கு உடன் வந்து ஒப்புக்கொள்ள வேண்டியவர் யார் என்ற கேள்வி, பெற்றோர் உள்ள வீடுகளில் எழுவதே இல்லை. சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, மருத்துவமனையில் சிறு அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் என்று ஒவ்வொரு மேசையிலும் பாட்டி “நான்தான் வளர்க்குறேன்” என்று முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. மகள் எப்படிச் செத்தாள் என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. பேரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

இங்கே சட்டத்தின் ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 25ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தாயின் பெயரில் இருந்த மூன்று சென்ட் மனை ஆகவே பிள்ளைகளுக்குத்தான் வரும். ஆனால் அதே ஆண்டு இயற்றப்பட்ட இந்து இளவர் (பதினெட்டு வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின்படி தந்தை இயற்கையான பாதுகாவலர். அவர் மதம் மாறினாலோ முற்றிலும் துறவு பூண்டாலோ அந்தத் தகுதியை இழப்பார் என்று சட்டம் சொல்கிறது. மனைவியைக் கொன்றால் இழப்பார் என்று அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. நீதிமன்றத்துக்குப் போனால் குழந்தையின் நலனே முதன்மையானது என்ற அடிப்படையில் பாட்டியைப் பாதுகாவலராக நியமிக்கலாம். போகாத வரையில் காகிதத்தில் அவர்தான் தகப்பன், அவர்தான் பாதுகாவலர். அந்த மனையின் மீது பாட்டிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நடைமுறையில் வளர்க்கிறார் என்ற காரணத்தால் மட்டுமே ஒருவர் இளவரின் சொத்தைக் கையாள முடியாது என்று அதே சட்டத்தின் 11ஆவது பிரிவு தடுக்கிறது. பிள்ளைகளின் சொத்தைச் சித்தப்பனோ மாமனோ விழுங்கிவிடாமல் இருக்க அந்தத் தடை தேவைதான். ஆனால் வேலி பிய்ந்துபோய்ப் பக்கத்து மனைக்காரர் உள்ளே தள்ளிக் கல் ஊன்றியபோது, புகார் கொடுக்கப் போன பாட்டியிடம் “உனக்கு என்ன உரிமை?” என்று கேட்கவும் அதே தடைதான் பயன்பட்டது.

1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம் என்பதைப் பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் என்பதில் நானும் அடக்கம். கோப்பு முடிந்துவிட்டதல்லவா! வழக்கறிஞருக்குக் காசு இல்லையே என்று அவர் தயங்கியபோதுதான் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போனேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை உறவினரிடம் குழந்தையை ஒப்படைக்கும் அன்றே சொல்லிவிட்டால், எத்தனையோ அலைச்சல் மிச்சமாகும். நீதிமன்ற ஆணை வரும் வரைக்கும், குழந்தைகள் நலக் குழுவே உறவினரைத் ‘தகுதியான நபர்’ என்று ஏற்று, குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ குழந்தையை அவரிடம் ஒப்படைத்து ஆணையிட இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி ஓர் ஆணை கையில் இருந்தால் பல மேசைகளில் பேச்சு சுருங்கும். எங்கள் பாட்டி அதன் நகலை நெகிழி உறையில் போட்டு மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குக்கூட எடுத்துப் போவார்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் பாசத்தைப் பற்றிப் பேசுவது எங்கள் துறையில் ஒரு பழக்கம். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யாவின் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் தகுதியுள்ள குழந்தைக்கு வழங்கப்படுகிறது. கொரோனாவில் தாய், தந்தை இருவரையும் இழந்து உறவினர் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021இல், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையோடு மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. இவையெல்லாம் நல்ல திட்டங்கள். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளையும் அரசின் பொறுப்பே என்று ஒப்புக்கொள்ளும் திட்டங்கள் என்பதால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் தொகை நாலைந்து மாதம் நின்று மொத்தமாக வரும்போது, இடையில் வட்டிக்கு வாங்கிய காசு அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. “காசு வருதுன்னுதானே வளர்க்குறா” என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பும். இந்தப் பேச்சுக்குப் பயந்து விண்ணப்பமே போடாத ஒரு அத்தையை எனக்குத் தெரியும். இல்லத்துக்குச் செலவிடும் பணத்தைக் கொடை என்று யாரும் சொல்வதில்லை. அத்தைக்குக் கொடுத்தால் மட்டும் அது பேராசையாகிவிடுகிறது.

உறவினர் என்றாலே பாதுகாப்பு என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவை தெரிந்தவர்களாலேயே நடக்கின்றன என்பதை எங்கள் பணியில் இருப்பவர்கள் ஒரு நாளும் மறக்க முடியாது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்மாமனுக்குக் கட்டி வைத்துப் ‘பொறுப்பை முடித்துக்கொள்ள’ நினைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வளர்க்க வந்த பிள்ளையை மாட்டுக்கொட்டகையில் நிறுத்திய பெரியப்பா வீட்டையும் பார்த்திருக்கிறேன். ஆகவேதான் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன். போய்ப் பார்ப்பதிலும் வகை இருக்கிறது. வாசலில் ஜீப்பை நிறுத்திப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவதைக் கண்காணிப்பு என்று எழுதிக்கொள்ளலாம். அதனால் குழந்தைக்குப் பயனில்லை. பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து, குழந்தையோடு தனியாக நாலு வார்த்தை பேசி, இந்த மாதம் என்ன சிக்கல் என்று கேட்டு, அடுத்த முறை அந்தச் சிக்கலுக்கு ஒரு பதிலோடு போகிறவரிடம்தான் குழந்தையும் வாய் திறக்கும், பாட்டியும் திறப்பார். ஒரு மாவட்டத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பணியாளர்களை, அதுவும் ஒப்பந்த ஊதியத்தில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உறவினரைத் தேடுவதிலும் நாம் சோம்பேறிகள். முதலில் யார் வந்து நிற்கிறாரோ அவரே உறவினர். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் சட்டம், குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்த 30 நாட்களுக்குள் தாத்தா பாட்டியரையும் மற்ற வயது வந்த உறவினர்களையும் தேடிப்பிடித்துத் தகவல் தெரிவிக்க முயற்சி செய்தாக வேண்டும் என்று துறையைக் கட்டாயப்படுத்துகிறது. வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து (அரசின் பொறுப்பில் வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர்வதிலிருந்து) குழந்தையைச் சட்டப்படி பொறுப்பேற்கும் உறவினருக்கு உதவித்தொகை தர மாநிலங்களுக்கு வழியும் செய்தது. அந்தப் பாதுகாவலர் இறந்துபோனால் அடுத்துப் பொறுப்பேற்பவர் இன்னார் என்று ஒப்பந்தத்திலேயே பெயர் எழுதி வைத்திருந்தால், உதவித்தொகை அவருக்குத் தொடர 2014இல் மற்றொரு சட்டம் வகை செய்தது. அங்கே எல்லாம் செம்மையாக நடக்கிறது என்பதல்ல என் கருத்து. ‘உங்களுக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வியை ஒரு சட்டம் கேட்டிருக்கிறது என்பதுதான் என்னைத் தொட்டது. அறுபத்து நான்கு வயதுப் பாட்டியிடம் ஆறு வயதுப் பேரனை ஒப்படைத்த என் அறிக்கையில் அந்தக் கேள்வி இல்லை.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பேத்திக்கு இப்போது பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. நான் கேட்காமலேயே அவள் கேட்டாள்: “எனக்குப் பதினெட்டு முடிஞ்சா தம்பிக்கு நான் கையெழுத்துப் போடலாமா மேடம்?” உறவினர் தத்தெடுப்புக்கு இளைஞர் நீதிச் சட்டம் கொடுத்திருக்கும் விளக்கத்தில் தந்தைவழி, தாய்வழி மாமன் சித்தப்பன் அத்தை சித்திகளும் தாத்தா பாட்டிகளும்தான் இருக்கிறார்கள், அக்கா அதில் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. தத்தெடுப்பு வேறு, பாதுகாவலர் நியமனம் வேறு, வயது வந்த அக்கா நீதிமன்றத்தில் மனுப் போடத் தடையில்லை என்று மட்டும் சொன்னேன். பாட்டியின் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. முடித்து வைத்த கோப்பைத் திரும்பத் திறந்து, ‘உங்களுக்குப் பிறகு யார்?’ என்று ஒரு வரியைக் கையால் எழுதிச் சேர்த்து, எதிரே அவள் பெயரை எழுதினேன். படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை. ஓரத்தில்தான் எழுத வேண்டியிருந்தது.