பலனுக்கு உதாரணம் காட்டுவது ஒரு மையத்தை, திறப்பது இன்னொன்றை

பின்தங்கிய பகுதிகளில் பாலர் கல்வி மையங்களுக்கு நிதி கேட்டு யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "இதில் போடும் பணம் பல மடங்காகத் திரும்பி வரும்." அமைச்சர்கள் சொல்கிறார்கள், தொண்டு நிறுவனங்கள் சொல்கின்றன, நாமும் ஷேர் செய்கிறோம். பொய் இல்லை. ஆனால் எப்படிப்பட்ட மையத்தில் போட்ட பணம் திரும்பி வந்தது என்று கேட்டால்தான் சங்கடம்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் இப்சிலாண்டிக்குப் போய்ச் சேருவோம். 1962 முதல் 1967 வரை அங்கே பெரி பாலர் பள்ளித் திட்டம் நடந்தது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள். அதில் 58 பேருக்குப் பாலர் பள்ளி, மற்றவர்களுக்கு இல்லை. இரண்டு தரப்பையும் நாற்பது வயதைத் தாண்டியும் தொடர்ந்து கவனித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அறிவுத்திறன் தேர்வில் பள்ளிக்குப் போன குழந்தைகளுக்கு இருந்த முன்னிலை சில ஆண்டுகளிலேயே கரைந்துபோனது. அதோடு ஆய்வை மூடியிருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். வளர்ந்த பிறகு பார்த்தால் அவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியம் அதிகம், கைதானவர்கள் குறைவு. 2000-இல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவர் குழுவினரும் இதைக் கணக்குப் போட்டு, செலவழித்த பணத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வருவாய் என்றார்கள். மேடைகளில் முழங்கும் சதவீதம் இதுதான்.

சரி, அந்த 58 பேருக்கு என்ன கிடைத்தது? ஏறக்குறைய ஆறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அவரும் முறையாகப் பயிற்சி பெற்றவர். காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு. அப்புறம் வாரம் ஒருமுறை ஆசிரியரே வீடு தேடிப் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார். இதற்கு நல்ல செலவு ஆனது.

இந்தக் கணக்கைக் காட்டி நிதி வாங்கிவிட்டு, நாற்பது குழந்தைகளை ஓர் அறையில் அடைத்து, அரைகுறைப் பயிற்சியோடு ஒருவரை நிறுத்தினால் அது பெரி பள்ளி ஆகுமா? அந்த வருவாய் விகிதத்தைச் சொல்ல அந்த மையத்துக்கு என்ன உரிமை?

பிரிட்டனில் இதையே ஒரு நாடு முழுக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1999-இல் ஷ்யூர் ஸ்டார்ட் என்ற திட்டம் ஏழைப் பகுதிகளில் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் ஐந்து வயதுவரை சுகாதாரம், பெற்றோருக்கு உதவி, குழந்தைப் பராமரிப்பு, வேலை தேட ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். என்ன வேண்டும் என்று தீர்மானிப்பதில் அந்தப் பகுதி மக்களுக்கே இடம் இருந்தது, பணமும் தாராளமாக இருந்தது. பிறகு 'எல்லா ஊருக்கும் ஒரு மையம்' என்று விரித்தபோது மையங்கள் பெருகின, ஒரு மையத்துக்கான பணம் குறைந்தது. 2010-க்குப் பிறகு வந்த சிக்கன நடவடிக்கையில் மொத்தச் செலவே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்பட்டு, மையங்கள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன.

வெட்டி முடித்த பிறகுதான் பலன் தெரிய வந்தது. இன்ஸ்டிடியூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ் என்ற பிரிட்டிஷ் பொருளாதார ஆய்வு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதுக்குள் ஷ்யூர் ஸ்டார்ட் மையத்துக்கு அருகில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகள் பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் மொத்தம் மூன்று கிரேடு கூடுதலாகப் பெற்றார்கள். அதாவது ஐந்து பாடங்களில் டி வாங்கியிருக்க வேண்டிய பிள்ளை, மூன்றில் சி வாங்கும் அளவுக்கு. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. இந்தப் பலன் முழுக்கத் தொடக்க கால மையங்களிலிருந்து வந்தது. குறைந்த பணத்தில் பின்னால் திறந்தவற்றில் பலன் எதுவும் தென்படவில்லை. பெயரும் பலகையும் ஒன்றேதான்.

பலன் இல்லாததுகூடப் பரவாயில்லை, கெடுதல் நடந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநில அரசின் பாலர் பள்ளித் திட்டத்தில் ஏறக்குறைய 3,000 குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். அதில் படித்தவர்கள் ஆறாம் வகுப்பில், படிக்காதவர்களைவிடக் குறைவான மதிப்பெண் வாங்கினார்கள் என்று 2022-இல் முடிவு வந்தது. சின்னப் பிள்ளைகளை எங்கேயாவது உட்கார வைத்தாலே நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் பணக்கார நாடுகளுக்குத்தான் இதெல்லாம் சாத்தியமா? இல்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல், ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். வீட்டில் கிடைக்கும் பொருள்களில் செய்த பொம்மைகள்தான். குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், வருகை கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். கட்டடம் இல்லை, வண்ணச் சுவர் இல்லை. செலவு முழுக்க ஆள் மேல்தான் போனது.

ஆள் மேல் செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. கட்டடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். சம்பளம் ஆண்டுதோறும் கொடுத்தாலும் எந்தக் கல்வெட்டிலும் வராது. இந்தியாவில் 1975-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் உலகின் மிகப் பெரிய திட்டங்களில் ஒன்று. அதைத் தாங்குகிற அங்கன்வாடிப் பணியாளர்கள் வாங்குவதற்குப் பெயர் இன்னும் 'மதிப்பூதியம்'தான், சம்பளம் அல்ல.

நிதியைப் பங்கிடும் முறையிலும் கோளாறு இருக்கிறது. பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிதறிக் கிடக்கும் சிற்றூரில் ஒன்பது குழந்தைகள்தான் தேறும். ஆனால் ஆசிரியர் ஒருவர் முழுதாக வேண்டும், பாதி ஆசிரியரை நியமிக்க முடியாது. தலைக்கணக்கில் அந்த மையம் மூடப்படும், பக்கத்து ஊர் மையத்துடன் 'இணைக்கப்படும்'. மூன்று வயதுக் குழந்தை பக்கத்து ஊருக்கு நடந்து போகுமா? நகரத்துக் குடிசைப் பகுதியில் குழந்தைகளுக்குப் பஞ்சம் இல்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். வாடகையே பாதி நிதியைத் தின்றுவிடும். விடியலில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் தாய்க்கு, மதியம் பூட்டிவிடும் மையத்தால் என்ன பயன்? மூத்த பெண் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தித்தான் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைப்பாள். இரண்டு இடத்துக்கும் ஒரே சூத்திரம் என்பது சமத்துவம் போலத் தெரிகிற சோம்பேறித்தனம்.

பணம் எங்கே என்பார்கள். 2022-இல் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நகரில் யுனெஸ்கோ நடத்திய பாலர் கல்வி மாநாட்டில் கல்விச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தைப் பாலர் கல்விக்கு ஒதுக்குவோம் என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. யுனிசெஃப் 2019-இல் சொன்னபடி ஏழை நாடுகள் ஒதுக்குவது சராசரியாக 2 சதவீதம். இந்த இடைவெளி ஓராண்டில் நிரம்பாது, தெரிந்ததுதான். அதுவரை, இருக்கிற பணத்தில் ஆயிரம் மையத்தைத் திறந்து பட்டியலை நீட்டுவதைவிட, மிகவும் பின்தங்கிய முந்நூறு இடங்களில் முழுச் செலவோடு நடத்துங்கள் என்பேன். 'ஏழைகளுக்கு மட்டும்' என்று ஆரம்பித்தால் அது தரம் குறைந்த திட்டமாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் மெல்லியதாக எல்லோருக்கும் பரப்பியபோது ஷ்யூர் ஸ்டார்ட்டுக்கு என்ன ஆனது என்று பார்த்தாயிற்று.

நன்கொடை கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மையத்துக்கு ஊஞ்சலும் பெயிண்டும் வாங்கிக் கொடுக்கும் முன், அங்கே வேலை செய்பவருக்கு மாதம் எவ்வளவு, கடைசியாக எந்த மாதம் கைக்கு வந்தது என்று விசாரியுங்கள். முடிந்தால் அந்தத் தொகையில் ஒரு பங்கை ஐந்து ஆண்டுக்கு எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஊஞ்சல் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.