கப் எத்தனை எடுத்தவராம்?

சனிக்கிழமை மேடையில் அந்த அண்ணர் பேசியதை இங்கே முக்கால்வாசிப் பேர் நேரில் கேட்டிருப்பியள், மிச்சப் பேருக்கு வீடியோ வந்திருக்கும். முழுக்கதையையும் திரும்ப எழுதப் போவதில்லை. "ஒரு கப்பும் எடுக்காத, அடிபட்டுப் பெனல்டிப் பெட்டியில குந்தியிருந்த ஒருத்தரின்ர படத்தை எங்கட பிள்ளையளுக்கு ஏன் காட்டுறியள்?" இந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு. (கப் என்றது ஐஸ் ஹொக்கியில், வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்எச்எல்லை வெல்கிற அணிக்குக் கிடைக்கிற ஸ்ரான்லி கப். பெனல்டிப் பெட்டி, தவறு செய்த வீரரைக் கொஞ்ச நிமிடம் வெளியில் இருத்துகிற இடம்.) அவர் சொன்னதை விட, சபை சிரித்ததுதான் எனக்குக் கூட நொந்தது.

படத்தில் இருந்தவர் வெய்ன் சிம்மண்ட்ஸ், ஐஸ் ஹொக்கி வீரர். 1988இல் பிறந்த, எங்கட ரொறன்ரோ ஸ்காபரோப் பெடியன். என்எச்எல்லில் 1,037 ஆட்டங்கள். 263 கோல், மற்றவர் கோல் போடக் கொடுத்த பாஸ், அதுதான் அசிஸ்ட், 263. அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவுசெய்கிற டிராஃப்டில், 2007இல் 61ஆவதாக எடுக்கப்பட்டவர், அதாவது அவருக்கு முன்னால் 60 பேரை அணிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அந்த அறுபதில் கனபேரின் பெயர் இன்றைக்கு அண்ணருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கப் எடுக்கவில்லைதான். லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அவரை 2011இல் பிலடெல்பியா அணிக்கு மாற்றியது. 2012இல் கிங்ஸ் கப் எடுத்தது. ஒரு வருடம் பிந்தி மாற்றியிருந்தால் கோப்பையில் அவருடைய பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும், அண்ணரும் மாலையோடு வந்திருப்பார். ஒரு மனிதனின் பதினைந்து வருட உழைப்பை அளக்கிற கோல் இதுதானா?

பிலடெல்பியாவில் அவர் செய்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பவர் பிளே வந்தால், அதாவது எதிரணியில் ஒருத்தர் பெனல்டிப் பெட்டியில் இருக்கிற நேரம், நேரே போய் நெற்றுக்கு முன்னால் நிற்பார். கோல் காக்கிற கோலிக்குப் பக், அந்த ரப்பர் வட்டு, தெரியக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. முதுகில் ஸ்ரிக்கால் குத்துவார்கள், பின்னுக்கிருந்து தன்னுடைய ஆளே அடிக்கிற ஷொட் காலில் வந்து விழும், அசையமாட்டார். கல்யாண வீட்டில் அடுப்படியில் வெந்துகொண்டு நிற்கிறவருக்கு ஆர் போட்டோ எடுக்கிறது? அப்படி நின்றே 2015-16இல் 32 கோல், அடுத்த சீசனில் 31. லீக்கின் தெரிவு வீரர்கள் ஆடுகிற ஓல்-ஸ்ரார் ஆட்டத்தின் 2017 சிறந்த வீரரும் அவர்தான்.

"சண்டைக்காரர்தானே?" ஓம், சண்டை பிடித்தவர். ஆயிரத்துக்கு மேல் பெனல்டி நிமிடங்கள். அந்த விளையாட்டு அப்படித்தான். அடுத்த கேள்வி.

பெனல்டிப் பெட்டியைப் பார்த்த அண்ணர் 2011 செப்டெம்பரைப் பார்க்கவில்லை. எங்கட ஒன்ராறியோவில், லண்டனில், சீசனுக்கு முந்தின ஆட்டம். ஒவ்வொருத்தராகத் தனியக் கோலியை எதிர்கொள்கிற ஷூட்டவுட்டில் சிம்மண்ட்ஸ் பக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறார், பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு வாழைப்பழம் பனியில் வந்து விழுகிறது. கறுப்பினத்தவருக்கு வாழைப்பழம் எறிவதின் அர்த்தத்தை நான் விளக்கத் தேவையில்லை. அவர் நிற்கவில்லை, ஷொட்டை அடித்து முடித்தார். எறிந்தவருக்குத் தண்டம் 200 டொலர். அடுத்த வருடம் என்எச்எல் முதலாளிகள் ஆட்டங்களை நிறுத்திவைத்த லொக்கவுட் நேரம் செக் நாட்டில் விளையாடப் போனார், அங்கே கூட்டமே குரங்கு என்று கத்தியது. இதற்குப் பிறகும் பனியில் இறங்கினவரைப் பார்த்துத்தான் எங்கட சபை சிரித்தது.

உடனே ஒரு கூட்டம் வரும்: "அவர் தமிழரில்லையே, எங்களுக்கென்ன?" இதுக்குத்தான் எனக்கு விசர் வாறது.

மகனை முதல்முதல் ஐஸ் ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். இரவு வேலை முடித்து நேரே வந்தனான். ஸ்கேற் நூலை எவ்வளவு இறுக்க வேண்டுமென்று தெரியாது, விரல் விறைத்துப் போய் இழுத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன் நல்ல பவ்வியமாகச் சிரித்துக்கொண்டு கேட்டார், "உங்கட ஆக்களுக்குக் கிரிக்கெட் இல்லையா?" மகன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்ல? அண்டைக்கு என்ர பெடியனுக்குக் காட்ட எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தமிழ் முகம் கிடைக்கவில்லை. எங்கட தெருவுகளிலேயே வளர்ந்த சிம்மண்ட்ஸ் கிடைத்தார். ஓய்வெடுக்க முந்தியே ஸ்காபரோப் பிள்ளைகளுக்கு றோட் ஹொக்கி நடத்தின மனிதர். "கார்!" என்று ஒருத்தன் கத்த நெற்றைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிற பெடியளில் அரைவாசி எங்கட பெடியள். அவர்கள் ஆரைப் பார்க்க வேண்டுமென்று ஹோலில் மைக் பிடித்தா தீர்மானிக்கிறது?

"படிப்புத்தான் முக்கியம்" என்று சொல்லப்போறவர்களே, ஆர் இல்லையென்றது? என்ர மகனும் படிக்கிறான்தான். ஆனால் டொக்டர், எஞ்சினியர் தவிர்ந்த எவரைக் கண்டாலும் ஒரு நக்கல் சிரிப்பு வருகிறதே, அது எங்கே படித்தது? பஸ் ஓட்டுறவரையும், பக்ரறியில் நிற்கிறவரையும் பார்த்து வாற அதே சிரிப்பு. எங்களில் பாதிப்பேர் அந்த வேலையில்தான் இந்த நாட்டில் கால் ஊன்றினவர்கள், அண்ணரும் சேர்த்து.

இன்னொன்று. ஏப்ரலில் கப்புக்கான பிளேஓஃப் சுற்று வந்தால் அண்ணரின்ர வானில் எங்கட ரொறன்ரோ அணியான லீஃப்ஸின்ர கொடி பறக்கும், பிளாசா பார்க்கிங்கில் எல்லாரும் பார்த்ததுதான். சிம்மண்ட்ஸும் கடைசி மூன்று சீசன் அதே லீஃப்ஸுக்குத்தான் ஆடினார், ஆயிரமாவது ஆட்டமும் அந்தச் சட்டையில்தான். லீஃப்ஸ் கடைசியாகக் கப் எடுத்தது 1967இல். கொடியை எப்ப கழற்றப் போறாராம்? ஆராவது ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ.