மாமியின் "ஹலோ"வை இயந்திரம் என்று முடிவுகட்டும் மென்பொருள்

வங்கியிலிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ வரும் அழைப்பை எடுத்து "ஹலோ" என்று சொன்ன பிறகு, மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லாமல் சில விநாடிகள் கழிந்து இணைப்பு அறுந்துபோனால், லைன் கோளாறு என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். பேசுவதற்கு முகவர் எவரும் கைவசம் இல்லாததாலும் அப்படி நேரலாம். ஆனால் பல வேளைகளில், அழைப்பை எடுத்தது மனிதரா, ஆள் எடுக்காதபோது பதிவுக்குரலில் பதில் சொல்லும் குரல் அஞ்சலா என்று அங்குள்ள மென்பொருள் கணித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. குரல் அஞ்சல், அதாவது 'இயந்திரம்', என்று முடிவானால் அழைப்பைத் துண்டித்துவிடும். கொழும்பில் இந்தக் கணிப்பு தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்த மென்பொருள் நம் பேச்சை விளங்கிக்கொள்வதில்லை. ஒலி எவ்வளவு நேரம், மௌனம் எவ்வளவு நேரம் என்று அளக்கிறது, அவ்வளவுதான். அழைப்பு நிலையங்கள் பலவற்றில் பயன்படும் அஸ்டெரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருளோடு வரும் மாதிரி அமைப்பின்படி, எடுத்தவர் முதல் 2,500 மில்லி விநாடிகள் வாய் திறக்காவிட்டால் அது இயந்திரம். முதற்பேச்சு 1,500 மில்லி விநாடிகளைத் தாண்டினாலும் இயந்திரம். சுருக்கமாக எதையோ சொல்லிவிட்டு 800 மில்லி விநாடிகள் பேசாதிருந்தால் மனிதர். 5,000 மில்லி விநாடிகளுக்குள் முடிவுக்கு வர முடியாவிட்டால் 'நிச்சயமில்லை' என்று குறித்துக்கொள்ளும்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமிக்கு எண்பது வயது நெருங்குகிறது. தொலைபேசியை எடுத்ததும் முதலில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். பிறகு கருவியை நன்றாகக் கேட்கும் காதுக்கு மாற்றுவார். இரண்டரை விநாடி அதிலேயே போய்விடும். உடனே பேசினாலோ, "ஹலோ, வணக்கம், ஆர் பிள்ளை கதைக்கிறது, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ" என்று ஒரே மூச்சில் வரும். தாமதித்தாலும் இயந்திரம், நீட்டிப் பேசினாலும் இயந்திரம். கண் பரிசோதனைத் திகதி மாறியதை அறிவிக்க ஒரு தனியார் வைத்தியசாலை எடுத்த அழைப்பு இப்படித்தான் அறுந்துபோனது. அவர் பழைய திகதியிலேயே ஆட்டோ பிடித்துப் போய், வைத்தியர் இல்லாமல் திரும்பி வந்தார். அந்த அழைப்பு 'இயந்திரம்' என்று பதிவாகியிருந்ததாகக் கருமபீடத்தில் சொன்னார்கள். எனக்கு ஆத்திரமே வந்தது.

குரல் அஞ்சல் பரவலாக உள்ள நாடுகளில் இந்த வசதிக்கு ஒரு நியாயம் உண்டு. இங்கே எனக்குத் தெரிந்தவர்களில் குரல் அஞ்சல் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1,000 அழைப்புகளில் 10 மட்டுமே குரல் அஞ்சலுக்குப் போகின்றன, மென்பொருள் மனிதர்களில் நூற்றுக்கு மூவரைத் தவறாகக் கணிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தையும் தவிர்ப்பதற்காக ஏறத்தாழ 30 மனிதர்களின் அழைப்பைத் துண்டிக்கிறோம். மிச்சமாவது, பதிவுக்குரலைக் கேட்டுவிட்டு முகவர் இணைப்பை வைக்கும் சில விநாடிகள் மாத்திரமே.

அமெரிக்காவின் தொலைவணிக விதியோ, எடுத்தவர் முதற்பேச்சை முடித்து 2 விநாடிகளுக்குள் விற்பனை முகவரோடு இணைக்கப்படாவிட்டால் அதைக் கைவிடப்பட்ட அழைப்பாகவே கொள்கிறது. மனிதர் எடுத்த அழைப்புகளில் அத்தகையவை 3 வீதத்தைத் தாண்டினால் நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை.

அழைப்பு நிலையம் நடத்துவோரிடம் நான் கேட்பது இதுதான்: வைத்தியசாலை, வங்கி, காப்புறுதி அழைப்புகளிலாவது இந்த வசதியை அணைத்துவிடுங்கள். முடியாதென்றால், 'நிச்சயமில்லை' என்று வருவதை மனிதராகவே கொண்டு முகவரிடம் இணையுங்கள். இயந்திரம் என்று தள்ளிய அழைப்புகளின் ஒலிப்பதிவுகளில் கொஞ்சத்தையாவது, தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் வாரந்தோறும் உட்கார்ந்து கேட்கட்டும்.