"விலைக்கு இன்பாக்ஸ்" கேட்கும் அன்பர்களுக்கு

நேற்றிலிருந்து நம் மீன் வளர்ப்புக் குழுவில் ஓடும் அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். கருப்பு வெள்ளைத் திட்டுகள், முதுகு நெடுக ஆரஞ்சுக் கோடு, பல்லி போலிருந்தாலும் தவளை இனத்துக்குச் சொந்தமான அந்தக் கைசர் நியூட்டின் படத்தைப் போட்டு "விலைக்கு இன்பாக்ஸ்" என்கிறார் ஒருவர். கீழே வரிசையாக "அண்ணா ரேட்?", "மதுரைக்குப் பார்சல் உண்டா?" எங்கிருந்து வந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "வயித்தெரிச்சல்" என்று பதில் வந்தது. சரி, வயித்தெரிச்சல்தான்.

ஈரானின் தெற்கு ஜாக்ரோஸ் மலையில், லோரஸ்தான், குஸெஸ்தான் பக்கத்து ஓடைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது அது. கோடையில் ஓடை வற்றினால் கல்லடியில் ஈரம் தேடிப் பதுங்கி, தண்ணீர் வரும்வரை காத்துக் கிடக்கும். இணையத்தில் விற்றே தீர்த்துவிடுவார்கள் என்று பயந்துதான் 2010இல், அழியும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் சேர்த்தார்கள். புலி இருக்கிற பட்டியல் அது. புலிக்குட்டி படம் போட்டு "விலைக்கு இன்பாக்ஸ்" என்பீர்களா?

"இது தொட்டியில் பொரித்த குஞ்சு" என்பார்கள். வெளிநாட்டில் பொரிக்கிறார்கள், உண்மைதான். அப்படியென்றால் பேப்பரைக் காட்டுங்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு சைட்டீஸ் உயிர்கள் நம் வனவுயிர்ச் சட்டத்துக்குள் வந்துவிட்டன, வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். "அழியும் உயிர்களின் சிவப்புப் பட்டியலிலேயே ஆபத்துத் தரத்தை இறக்கிவிட்டார்களே" என்று ஒரு மேதாவி. ஐயா, தேடிப் போனபோது இன்னும் சில ஓடைகளில் கண்ணில் பட்டது, அதனால் இறக்கினார்கள். அள்ளிக்கொண்டு போங்கள் என்று அர்த்தமில்லை. இந்த வியாபாரத்தோடு ஆசியாவிலிருந்து போனதாகச் சொல்லப்படும் ஒரு பூஞ்சைதான் நெதர்லாந்தில் நியூட்டின் உறவான தீச் சாலமாண்டர்களை ஏறக்குறையத் துடைத்துவிட்டது. அது இங்கே வந்தால்? நம் டார்ஜிலிங் மலையிலும் நியூட் உண்டு, தெரியுமா?

அப்புறம், "நீயும்தானே மீன் வளர்க்கிறாய்?" ஆமாம், வளர்க்கிறேன், அதனால்தான் எரிகிறது. சின்ன வயதில் கொளத்தூர்க் கடையில் மிஸ் கேரளா கேட்டு அப்பாவிடம் அடம்பிடித்தேன். சிவப்புக் கோடு போட்ட அந்த மீனைக் கவரில் கட்டிக்கொண்டே கடைக்காரர் பெருமையாகச் சொன்னார், "தொட்டி மீன் இல்ல தம்பி, ஆத்துல புடிச்சது." மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில் நீந்த வேண்டியது பைத் தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அந்த மீனைக் கணக்கில்லாமல் பிடித்து வெளிநாட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றியபோது இதே குழுவில் எப்படிக் கொதித்தீர்கள்? நம் மீன் என்றால் கொள்ளை, ஈரான்காரன் ஓடை என்றால் கலெக்‌ஷனா?

இதில் ஓடையில் வாழும் அந்த நியூட்டைச் சென்னை மே மாத வெயிலில், கரண்ட் போனால் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டுச் சமாளிக்கலாம் என்று யோசனை வேறு சொல்கிறார்கள். லைக் எத்தனை பாருங்கள் அதற்கு.

என்னைக் குழுவிலிருந்து தூக்குங்கள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் இவர்கள் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தபோதெல்லாம் ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதியவன் நான். தாராளமாகத் தூக்குங்கள். அட்மின், அதற்கு முன் அந்த விற்பனைப் பதிவை எடுப்பீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.