ஹிரோஷிகே கையெழுத்து இருந்தாலே அசலா?

"ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் கையெழுத்தும் சிவப்பு முத்திரையும் இருந்தால் அது அவர் காலத்து அச்சு" என்று பழம்பொருள் விற்பனைக் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. ஜப்பானிய மர அச்சுப் படங்களில் கையெழுத்து, பதிப்பாளர் முத்திரை, தணிக்கை முத்திரை எல்லாமே அச்சு எடுக்கும் மரப்பலகையில் செதுக்கப்பட்டவை. ஓவியர் தாள்தோறும் கையொப்பமிடவில்லை. அதனால் 1858இல் அவர் இறந்தபின் பழைய பலகையில் எடுத்த பிரதியிலும், பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கிய மறுபதிப்பிலும் அவை அப்படியே வரும்.

முதலில் 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை. புள்ளி இல்லையென்றால் தாளைத் திருப்புங்கள். பொதுவாக நிறம் பின்புறம் ஊறியிருக்கும், 'பாரென்' எனும் கைத்தேய்ப்பானின் வட்டத் தடங்களும் தெரியும். ஆனால் இது கையால் அச்சிட்டதைத்தான் காட்டும், காலத்தை அல்ல. பலர் ஏமாறுவது இங்கேதான்.

காலத்தை அறிய அருங்காட்சியகப் பிரதியின் தெளிவான படத்தோடு கோடு கோடாக ஒப்பிட வேண்டும். ஓரக் கோட்டில் அதே இடங்களில் உடைப்பு இருந்தால் பெரும்பாலும் அதே பலகை. உடைப்பு கூடியிருந்தால் பிந்தைய பிரதி. 1857ஆம் ஆண்டின் ஓஹாஷி பாலத்து மழைப் படம் போன்றவற்றில் மழைக்கோடுகளின் சாய்வோ இடைவெளியோ மாறியிருந்தால் மறுசெதுக்கல். அச்சைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, அதன் பின்புறத்தைப் படமெடுத்துத் தர மறுப்பவரிடம் அசலுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.